காட்டாத கை

சத்தியபாமா அன்ரிக்கு ஊசி ஏற்றுவதென்றால் அது தர்சினியின் கையால்தான் நடக்க வேண்டும். வேறு தாதி யாராவது பக்கத்தில் வந்தால் அன்ரி இடது கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். "அவ வரட்டும். எனக்கு அவசரமில்லை," என்று தமிழில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத தாதிகளுக்குக்கூட அதன் பொருள் நன்றாக விளங்கும். போய்த் தர்சினியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

மேற்குச் சிட்னியில் ஓர் ஆசுபத்திரியின் டயலிசிஸ் பிரிவு அது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, பெரிய சாய்கதிரைகளில் சாய்ந்து, இரத்தத்தை இயந்திரத்திடம் கொடுத்துக் கழுவி வாங்கிக்கொண்டு போகிற இடம். அவர்களுடைய கையில் ஒரு நரம்பைச் சத்திரசிகிச்சை செய்து தடிப்பாக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதில் இரண்டு தடித்த ஊசிகளை ஏற்ற வேண்டும். சரியாக ஏற்றினால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பிழையாக ஏற்றினால் கை நீலம் பாரித்து வீங்கும். தர்சினி பிழையாக ஏற்றியதை அந்தப் பிரிவில் எவரும் கண்டதில்லை.

நாற்பத்தைந்து வயதுக்குள் அவள் தானாகத் தேடிக்கொண்ட மரியாதை அந்த ஒன்றுதான். சண்டைக்குத் தப்பிக் கணவன் நித்தியானந்தனோடு சிட்னிக்கு வந்தபோது அவளிடம் இருந்தவை இரண்டு கையும் கொஞ்சம் பிடிவாதமும். முதலில் விடுதி அறைகளில் குளியலறை தேய்த்தாள். பிறகு ஓர் உணவகத்தின் பின்புறத்தில் நின்று கோப்பை கழுவினாள். பிறகு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டினாள். இதற்கிடையில் பிள்ளை பெற்றாள், பிள்ளையின் துணி துவைத்தாள், ஆங்கிலச் சோதனையில் தோற்றாள், திரும்ப எழுதினாள், கடைசியில் தாதியாகிச் சீருடை போட்டாள். நார்த்மீட் வீட்டில் அவளுடைய சீருடைப் படம் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. அதைப் பார்த்து யாராவது சிரித்தால் நித்திக்குக் கோபம் வரும். அவள் செய்த வேலைகள் எல்லாம் மாறின. நாள் முழுக்கக் கை ஈரத்தில் கிடந்தது மட்டும் மாறவில்லை. அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்ததுமில்லை.

சென்ற ஆண்டுக் குளிர்காலத்தில் கல்யாண மோதிரத்துக்குக் கீழே ஒரு சிவப்பு வந்தது. சவர்க்காரம் தங்கியிருக்கும் என்று நினைத்து மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். சிவப்பு அதோடு நிற்கவில்லை. விரல் இடுக்குகளுக்குப் போனது, புறங்கைக்கு ஏறியது, சின்னச் சின்னக் கொப்புளமாகி அரித்தது, பிறகு காய்ந்து விரல் நுனிகளில் வெடித்தது. தேசிக்காய் பிழிய ஏலாது. சட்டைப் பொத்தான் போட ஏலாது. தலைக்கு ஷாம்பு வைத்தால் உயிர் போய் வந்தது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். உண்மைதான், கண்ணாடி வேண்டியதில்லை. ஆனால் பார்க்கத் துணிவு வேண்டும். அது தர்சினியிடம் இல்லை.

சின்ன வயதில் அவளுக்குக் கரப்பன் இருந்தது. முழங்கை மடிப்பையும் முழங்கால் மடிப்பையும் சொறிந்து சொறிந்து இரத்தம் வரவைத்த பிள்ளை அவள். ஆசுபத்திரியில் வேலைக்குச் சேரும்போது, எப்போதாவது தோல் வருத்தம் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கரப்பனை எங்கள் ஆட்கள் எப்போது வருத்தத்தில் சேர்த்தார்கள்? பல் முளைக்கிற மாதிரி அதுவும் பிள்ளைக்கு வரும், போகும். வந்தது போகாமல் தோலுக்குள்ளேயே குந்தியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சொறி வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் பிடிப்பது சாப்பாட்டைத்தான். கத்தரிக்காய் கிரந்தி. தக்காளி கிரந்தி. இறால், நண்டு, அன்னாசி எல்லாம் கிரந்தி. உடம்பில் சொறியையும் கடியையும் கிளப்புகிற சாப்பாட்டுக்கு அப்படி ஒரு பட்டம். கிருமிகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்துத் தேறிய தர்சினி, வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது அந்தப் படிப்பையும் கழற்றி வைத்துவிட்டாள். முதலில் கத்தரிக்காயை நிறுத்தினாள். கை கேட்கவில்லை. அவள் உயிரையே கொடுக்கக்கூடிய இறால் குழம்பை நிறுத்தினாள். அதற்கும் கேட்கவில்லை. அப்ப தக்காளிதான் என்று முடிவு கட்டி ரசத்தையும் விட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்! ஒரு குற்றமும் செய்யாத கத்தரிக்காய் அந்தக் குசினிக்கு வெளியே மாதக்கணக்கில் நின்றது.

வேலை முடிந்து வந்ததும் ஒரு சட்டியில் சுடுதண்ணீர் எடுத்து, உப்பும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, இரண்டு கையையும் தாழ்த்தி வைப்பாள். சூடு படும்போது அரிப்புக்கு ஒரு சுகம் வரும். கண் சொருகும். அந்தச் சுகத்தைத்தான் அவள் மருந்து என்று நம்பினாள். விடிந்தால் கை முன்னதைவிட மோசமாக வெடித்திருக்கும். சூடு போதவில்லை என்று நினைப்பாள்.

நித்தி ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவளுடைய கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உது தொத்துமோ?"

"இல்லையப்பா. தொத்தாது."

"சும்மா கேட்டனான்," என்றார். மறுநாள் குளியலறையில் அவருடைய துவாய் வேறு கொளுவியில் தொங்கியது. அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் மிருணாளினி கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா, ஜஸ்ற் கோ அன்ட் சீ எ டொக்டர்," என்றாள். பிள்ளைக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது.

போயிருக்கலாம்தான். ஆனால் தர்சினி ஒன்றைக் கண்ணால் கண்டிருந்தாள். அவளோடு வேலை செய்த நேபாளப் பெண்ணொருத்திக்கு இப்படித்தான் கை வெடித்தது. திறந்த புண்ணோடு நோயாளியைத் தொடக்கூடாது என்பது விதி. அவளை ஊசி வேலையிலிருந்து எடுத்து, முன் மேசையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். அங்கே கொஞ்ச நாள் முகம் வாடி இருந்துவிட்டு அந்தப் பெண் வேலையையே விட்டுப் போய்விட்டாள். ஊசியை எடுத்துவிட்டால் தனக்கு மிச்சம் என்ன என்று தர்சினி யோசித்துப் பார்த்தாள். குளியலறை தேய்த்த தர்சினியும் கோப்பை கழுவிய தர்சினியும்தான் மிஞ்சினார்கள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறைப்பதற்கு வேலையே துணை செய்தது. கையுறை போடாமல் அங்கே எதுவும் இல்லை. அவள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டாள். உள்ளே கை வேர்த்து ஊறியது. நோயாளிக்கு நோயாளி தேய்க்க வேண்டிய ஸ்பிரிட் ஜெல், வெடிப்பில் பட்டதும் நெருப்பாக எரிந்தது. எரிகிறதென்றால் அதுதான் தோலைத் தின்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். எல்லோரும் சுவரில் இருக்கிற ஜெல்லை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போக, அவள் ஒவ்வொரு முறையும் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவினாள். கூட வேலை செய்கிறவர்கள் அதைப் பார்த்து, இப்படியும் ஒரு சுத்தக்காரி உண்டா என்று வியந்தார்கள்.

சத்தியபாமா அன்ரியின் கண்ணை மட்டும் ஏய்க்க முடியவில்லை. பருத்தித்துறையில் தபால் கந்தோரில் இருந்து ஊர்ச் செய்தி எல்லாம் பரப்பியவர் அவர். சிட்னிக்கு வந்த பிறகும் அந்தச் சேவையை நிறுத்தவில்லை. எவருடைய பிள்ளை எவரோடு போகிறது, எவர் வீட்டை விற்கிறார் என்ற விபரமெல்லாம் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

"என்ன பிள்ளை, கிளவுஸுக்கு மேலை கிளவுஸ் போட்டிருக்கிறாய்?"

"குளிர் அன்ரி."

"குளிருக்கு ஆரும் உதைப் போடுவினமோ?"

"கையை ஆட்டாதேங்கோ அன்ரி. ஊசி ஏத்தப் போறன்."

அன்ரி கண்ணை மூடிக்கொள்வார். "உன்ரை கை பட்டால் நோகாதடி பிள்ளை," என்பார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரிந்தவள் தர்சினி. அன்ரிக்கு ஒருநாள் தெரிந்தால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முழுச் சிட்னிக்கும் தெரியும் என்று நடுங்கிக்கொண்டே அவள் ஊசியை ஏற்றுவாள். ஊசி மட்டும் நடுங்காது.

தைப்பூசத்தன்று அவள் ஒரு நேர்த்தி வைத்தாள். கை சுகமாகும்வரை வெள்ளிக்கிழமை தோறும் கோயில் அன்னதானப் பாத்திரம் கழுவித் தருகிறேன் முருகா என்று நேர்ந்தாள். சிலர் காவடி எடுப்பார்கள், சிலர் மொட்டை போடுவார்கள். தர்சினிக்குத் தெரிந்தது கழுவுவது. இடுப்பளவு உயரமான அண்டாக்களுக்குள் குனிந்து, அடிப்பிடித்த சாம்பாரையும் சோற்றையும் கடுஞ்சவர்க்காரம் ஊற்றிச் சுரண்டித் தேய்த்தாள். கையுறை போட்டுக் கழுவினால் முருகனை ஏய்க்கிற மாதிரி இருக்கும் என்று வெறுங்கையாலேயே கழுவினாள். முருகன் மட்டும் வாய் திறந்து பேசுகிற சாமியாக இருந்திருந்தால், "வேண்டாமம்மா, போய்க் கையைத் துடை," என்று முதல் வெள்ளியே சொல்லியிருப்பார். அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். கை வெள்ளிக்கு வெள்ளி மோசமானது. நேர்த்தியில் குறை வந்துவிட்டதாக்கும் என்று அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

இப்படியே இந்த ஆண்டும் குளிர் தொடங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அன்ரிக்கு ஊசி ஏற்ற ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, கையுறைக்குள் ஈரம் ஒன்று பிசுபிசுத்தது. பார்த்தாள். வெளி உறையில் விரல் நுனி கிழிந்திருந்தது. உள் உறையும் கிழிந்திருந்தது. வெடிப்பிலிருந்து நீர் கசிந்திருந்தது. இரண்டையும் கழற்றி எறிந்தாள். இனிக் கையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்றைக்கு ஜெல்லை நினைத்தாலும் எரிந்தது, தண்ணீரை நினைத்தாலும் எரிந்தது. அன்ரி கையை நீட்டியபடி கண்ணை மூடிக் காத்திருந்தார். தர்சினி ஒரு துணியில் கையைத் துடைத்துவிட்டுப் புதிய உறைகளை இழுத்துப் போட்டாள். ஊசி ஏற்றினாள். எப்போதும்போல நோகவில்லை.

திங்கட்கிழமை அன்ரி வந்தபோது பேசவில்லை. அதுதான் முதல் அறிகுறி. இயந்திரம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பல் கிடுகிடுக்கக் குளிர் பிடித்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. ஊசி ஏற்றுகிற இடத்தைச் சுற்றித் தோல் சிவந்து கொதித்தது. டொக்டர்கள் ஓடி வந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், அன்ரியை மேல்மாடி வார்ட்டுக்குக் கொண்டு போனார்கள். தள்ளுகட்டிலில் போகும்போது அன்ரி தர்சினியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமாய்க் கிடக்கு பிள்ளை. நீ வா," என்றார்.

"நீங்கள் போங்கோ அன்ரி. நான் பின்னாலை வாறன்," என்றாள் தர்சினி. அவள் போகவில்லை. களஞ்சிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். இரத்தத்துக்குள் கிருமி போயிருக்கிறது என்று மறுநாள் செய்தி வந்தது. தோலில் இருக்கிற கிருமி. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. கிழிந்த உறையும் நீட்டிய கையும்தான் கண்ணுக்குள் நின்றன.

பிரிவின் பொறுப்புத் தாதி கேத்ரின் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். மாணவியாக வந்து இங்கேயே தங்கி, படிப்படியாக உயர்ந்தவர். கோபமாகப் பேசத் தெரியாத மனிதர். அவர் ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்: இது யாரையும் குற்றம் சொல்கிற கூட்டம் இல்லை. எல்லோரும் கைச்சுத்தத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். யாரைப் பார்த்துப் பழகுவது என்று சந்தேகம் வந்தால் தர்சினியைப் பாருங்கள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், அன்பாகத்தான். திட்டியிருந்தால் தர்சினி தாங்கியிருப்பாள். இந்தப் புகழை அவளால் தாங்க முடியவில்லை. கூட்டத்துக்கும் கழற்றாமல் வந்த இரண்டு உறைகளில் மேல் உறையைக் கழற்றினாள். அடுத்ததைக் கழற்றினாள். இரண்டு கையையும் மேசையில் வைத்தாள்.

பக்கத்தில் இருந்தவள் தன்னை அறியாமல் சற்று விலகி இருந்தாள். கேத்ரின் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வருசம் வரும்."

"என்கிட்டச் சொல்லலாம்ல? நான் என்ன உங்களைக் கடிச்சா சாப்பிடப் போறேன்?"

"சொன்னால் ஊசி போட விட மாட்டீங்கள்."

கேத்ரின் மறுக்கவில்லை. "ஆமா, விட்டிருக்க மாட்டேன். ஆனா சீக்கிரம் திரும்பி வந்திருப்பீங்க. இப்ப எப்ப வருவீங்கன்னு எனக்கே சொல்லத் தெரியல." தர்சினி கிழிந்த உறையைப் பற்றியும் சொன்னாள். கேத்ரின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அவளுடைய கையைத் துடைத்தெடுத்த பஞ்சைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அன்ரியின் இரத்தத்தில் இருந்த அதே வகைக் கிருமி அவளுடைய வெடிப்புகளிலும் இருந்தது. ஆனால் அது ஊரில் எத்தனையோ பேருடைய மூக்கிலும் தோலிலும் இருக்கிற கிருமி. அன்ரியுடைய தோலிலிருந்தே உள்ளே போயிருக்கலாம். அவளிடமிருந்துதான் போனது என்றும் சொல்ல முடியாது, போகவில்லை என்றும் சொல்ல முடியாது என்றார்கள். குற்றவாளி என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் நிமிர்ந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் அவளை நடுவில் விட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அவள் அந்த நேபாளப் பெண் இருந்த கதிரையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

தோல் டொக்டர் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். அவளுடைய கையை விளக்குக்குக் கீழே பிடித்து, விரல் விரலாகப் பார்த்தார். சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று கேட்டார். எதனால் கழுவுகிறாய், எத்தனை சூடு, வீட்டில் சமைப்பது யார், கழுவுவது யார் என்றெல்லாம் கேட்டார். தர்சினி கத்தரிக்காய்க் கதையையும் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை.

சாப்பாட்டில் ஒன்றும் இல்லை என்றார். கரப்பன் இருந்த தோல் பிறவியிலேயே மெல்லிய வேலி. அதை வருடக்கணக்காகத் தண்ணீரும் சவர்க்காரமும் அரித்திருக்கின்றன. சுடுதண்ணீர்தான் பெரிய எதிரி. உள்ளே வேர்த்து ஊறுகிற கையுறை அடுத்தது. ஜெல் எரிவது வெடிப்பு ஏற்கெனவே இருப்பதால். ஆனால் கையில் அழுக்கு இல்லாதபோது சவர்க்காரத்தைவிட அதுதான் தோலுக்கு நல்லது. நல்லதைப் பகையென்றும், பகையைச் சுகமென்றும் அவள் மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவர் சொன்னதன் சுருக்கம். பூசுவதற்கு மருந்தும், தடித்த களிம்பும், பருத்திக் கையுறையும் தந்தார். வேலையிலும் சரி, வீட்டிலும் சரி, ஈர வேலை ஒன்றும் கூடாது என்றார். வேறு எங்கேயாவது கழுவுகிற வேலை செய்கிறாயா என்று கேட்டபோது தர்சினி இல்லை என்றாள். நேர்த்தியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அந்த மாதம் வீட்டில் நித்தி பாத்திரம் கழுவினார். ஒரு சட்டி உடைந்தது. மிருணாளினி முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் வெட்டினாள். தர்சினி கத்தரிக்காய் வாங்கிக் குழம்பு வைக்கச் சொல்லி, ஒரு வருடத்துக்குப் பிறகு சாப்பிட்டாள். வாய்க்கு ருசிக்கவில்லை. மேல்மாடி வார்ட் கதவு வரைக்கும் ஒருநாள் போனாள். கண்ணாடிக்கூடாக அன்ரி மெலிந்து படுத்திருப்பது தெரிந்தது. உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டாள். அன்ரி பிழைத்துக்கொண்டார், வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேத்ரின் சொல்லித்தான் தெரிந்தது. அன்ரி மீண்டும் டயலிசிஸுக்கு வரத் தொடங்கிய நாட்களில் அவள் முன் மேசையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. போகாத ஒவ்வொரு வெள்ளியும் நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. நேர்த்தியை முறித்ததால் அன்ரிக்கு இன்னும் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தாள். கடைசியில் ஒரு வெள்ளி மாலை, நித்தியிடம் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

பூசை முடிந்து அன்னதானமும் முடிந்திருந்தது. கோயில் குசினியில் பொறுப்பாக நிற்கிற யாமினி அவளைக் கண்டதும், "அக்கா, வாங்கோ! ஆளில்லாமல் கிடக்கு," என்று அண்டாவைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டுப் போனாள். தர்சினி குழாயைத் திறந்தாள். ஆவி எழும்பியது. பருத்திக் கையுறையைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றாள். இந்தக் கை ஆறினால் ஊசி திரும்பக் கிடைக்கலாம். கழுவினால் ஆறாது. கழுவாவிட்டால் சாமி குற்றம். அவள் உதடு முருகா முருகா என்று முணுமுணுத்தது.

"எங்கையடி பிள்ளை போனனீ?"

திரும்பினாள். சத்தியபாமா அன்ரி. சேலை உடம்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். குரல் மட்டும் மெலியவில்லை.

"நான் கட்டிலிலை கிடக்கேக்கை ஒருக்கா எட்டிப் பாக்கேல்லை. இப்ப மேசையிலை இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிறாய். புதுப்பிள்ளை ஒண்டு எனக்கு ஊசி ஏத்துது. பார் இஞ்சை!" என்று இடது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே நீலம் படர்ந்திருந்தது.

தர்சினி அந்த நீலத்தைப் பார்த்தாள். இனி மறைக்க அவளிடம் பலம் இல்லை.

"அன்ரி, உங்களுக்கு வந்த காய்ச்சல் என்ரை கையாலை வந்திருக்கலாம்."

"என்ன சொல்லுறாய்?"

சொன்னாள். கை வெடித்தது, இரண்டு உறை போட்டது, அந்த வெள்ளிக்கிழமை உறை கிழிந்தது, கழுவாமல் துடைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். சோதனையில் ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் சொன்னாள், ஆனால் அதைத் தப்பிக்கொள்ளும் சாட்டாகச் சொல்லவில்லை. குழாய்த் தண்ணீர் அண்டாவுக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. அன்ரி இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் இருந்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"நான் கேக்கேக்கை குளிர் எண்டனீ."

"ஓம் அன்ரி."

"நான் ஒவ்வொரு முறையும் உன்னட்டைக் கையைத் தந்தனான். கண்ணையும் மூடிக்கொண்டு தந்தனான். நீ உன்ரை கையை எனக்கு ஒருக்காக் காட்டேல்லை."

தர்சினி தன் கையுறைகளைப் பார்த்தாள்.

"காட்டு," என்றார் அன்ரி.

அவள் பருத்திக் கையுறைகளைக் கழற்றினாள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கையும் சிவந்து, தடித்து, கோடு கோடாக வெடித்துக் கிடந்தன. ஓரிரண்டு இடத்தில் மட்டும் புதுத்தோல் மினுங்கியது. அன்ரி கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"எரியுதோ?"

இந்த ஒரு வருடத்தில் அந்தக் கையைப் பார்த்தவர்கள் என்னென்னவோ கேட்டார்கள். தொத்துமா என்று கேட்டார்கள், எவ்வளவு நாளாக என்று கேட்டார்கள், எதனால் கழுவுகிறாய் என்று கேட்டார்கள். எரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளால் அடக்க முடியவில்லை. குழந்தை மாதிரி விம்மி அழுதாள். "எரியுது அன்ரி. சரியா எரியுது," என்றாள்.

அன்ரி வலது கையால் குழாயைப் பூட்டினார். "யாமினி! இதை வேறை ஆரும் கழுவட்டும். இவளை விடாதேங்கோ."

"நேத்தி அன்ரி. கை சுகமாகுமட்டும் கழுவுறன் எண்டு வைச்ச நேத்தி."

"நல்லாத்தான் வைச்சனீ போ! கழுவிக் கழுவிப் புண்ணாக்கினதைக் கழுவி மாத்தப் போறியோ? முருகன் என்ன, பாத்திரம் கழுவ ஆளில்லாமலோ நிக்கிறார்?"

யாமினி வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அன்ரியும் விளக்கம் சொல்லவில்லை. சிட்னி முழுக்கச் செய்தி பரப்புகிற வாய் அன்றைக்கு மூடியிருந்தது.

தர்சினி முகத்தைத் தோளில் துடைத்தாள். கேட்கலாமா என்று தயங்கி, கேட்டுவிட்டாள்.

"அன்ரி, இது மாறி, என்னைத் திரும்ப ஊசி போட விட்டால், உங்களுக்கு..."

அன்ரி நீட்டியிருந்த இடது கையை மெல்லச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"முதல் மாறட்டும். மாறினாப் பிறகு எனக்குக் காட்டு. பாத்திட்டுத்தான் கையைத் தருவன்."

சொல்லிவிட்டுத் தன்னுடைய சப்பாத்தைத் தேடிக்கொண்டு வாசல் பக்கம் போனார். தர்சினி பருத்திக் கையுறைகளைத் திரும்பப் போட்டுக்கொண்டு, யாமினி கழுவி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.